இரண்டாவது ஏசி வாங்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

கேள்வி இது: "திருச்சியில் முதல் மாடியில் சொந்த வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. ஒரு படுக்கையறையில் 1.5 டன் ஏசி இருக்கிறது, இருந்தும் கோடையில் இரவு 11 மணி வரை அறை குளிர்வதே இல்லை. அம்மா படுக்கும் மேற்கு அறையில் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. அங்கேயும் ஒரு ஏசி வாங்கவா, இல்லை ஃபால்ஸ் சீலிங் போடவா? மழைக்காலத்தில் அதே மேற்குச் சுவர் ஊறிப் பூஞ்சை பிடிக்கிறது. வருடம் முழுக்க நிம்மதியாக இருக்க எதை முதலில் செய்வது?"

இன்று இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மா அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, உள்ளங்கையைக் கூரையில் அழுத்தி வையுங்கள். பிறகு கீழே இறங்கி அதே கையை மேற்குச் சுவரில், அப்புறம் வடக்குச் சுவரில். கூரை காய்ச்சல் கண்ட நெற்றி மாதிரி சுடும், மேற்குச் சுவர் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, வடக்குச் சுவர் சாதாரணமாக இருக்கும். வீட்டு மராமத்து வேலைக்கு என்னை யார் கூப்பிட்டாலும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். எங்கிருந்து வெப்பம் வருகிறது என்று கையே சொல்லிவிடும், பணத்தை எந்த வரிசையில் செலவழிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

அந்தக் கூரை ஏன் இரவில் சுடுகிறது? ஐந்து அங்குலக் கான்கிரீட், அதன் மேல் சுருக்கி என்கிற செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரை, அதன் மேல் தட்டோடு. இத்தனையும் பகல் முழுக்க வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். மேலே நண்பகலில் ஏறிய சூடு தளத்தின் அடிப்பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும், அதாவது நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் பாய் விரிக்கும் நேரத்துக்குத்தான் கூரை உச்சத்தில் இருக்கும். ஏசி அறையின் காற்றைத்தான் குளிர்விக்கும். கூரையோ அடுப்புக்கு முன்னால் நின்றால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி நேராக உங்கள் உடம்புக்கு வெப்பத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஏசியில் 22 என்று காட்டும்போதும் புழுக்கம் போகாமல் புரண்டு புரண்டு படுக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் நிலைமை தெளிவாகப் புரியும். திருச்சிக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது சித்திரை பிறந்து நான்கைந்து நாளில், மறுபடி ஆவணியில். அப்போது நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் விழும் வெயில் கிட்டத்தட்ட 1 கிலோவாட். 600 சதுர அடி மாடி என்றால் சுமார் 56 சதுர மீட்டர், ஆக 50 கிலோவாட்டுக்கு மேல். உங்கள் 1.5 டன் ஏசி முழு மூச்சாக ஓடினாலும் வெளியே தள்ளக்கூடிய வெப்பம் 5 கிலோவாட் சொச்சம். விழுகிற வெயில் எல்லாம் உள்ளே வருவதில்லை, பாதிக்கு மேல் காற்றோடும் வானத்தோடும் போய்விடும், அது உண்மைதான். ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெயிலை மேலேயே தடுக்காமல் கீழே இன்னொரு ஏசி மாட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான் என்று தெரியும்.

ஃபால்ஸ் சீலிங் பற்றிக் கேட்டீர்கள். ஜிப்சம் பலகைக்கு மேல் கண்ணாடிக் கம்பளியோ பாறைக் கம்பளியோ விரித்தால் ஓரளவு பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கான்கிரீட் அப்படியே கொதித்துக்கொண்டுதான் இருக்கும், உயரத்தில் முக்கால் அடி போகும், எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் வீட்டில் ஈரம் இறங்குகிறது. கூரையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமலே பலகையை மாட்டிவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து பலகை மேல் விழும்போதுதான் தெரியும். இப்போதைக்கு வேண்டாம்.

வேலையை ஈரத்திலிருந்து ஆரம்பியுங்கள். கோடைக்கும் மழைக்கும் தனித்தனி வைத்தியம் என்று நினைக்காதீர்கள், நனைந்த செங்கல் காய்ந்த செங்கலைவிட வெகு சுலபமாக வெப்பத்தைக் கடத்தும். மாடிக்குப் போய் ஐந்தாறு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். வடிகாலை நோக்கி ஓடுகிறதா, இல்லை ஏதாவது ஒரு மூலையில் தட்டு மாதிரி தேங்குகிறதா? தேங்கினால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான தளத்தின் சரிவு, சரியில்லை. தட்டோடு இடுக்குகளில் சிமெண்ட் உதிர்ந்திருக்கிறதா, விரலால் தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வருகிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூட்டில் முடி அளவு விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். மேற்குச் சுவர் ஊறுவதற்குப் பாதி வீடுகளில் அந்த மூட்டுதான் காரணம், இல்லாவிட்டால் மழைநீர்க் குழாய் சுவருக்குள் இறங்கும் இடம். வெளிப்பக்கம் சன்ஷேடுக்கு அடியில் தண்ணீர் சொட்டி விழுவதற்கு ஒரு கோடு விட்டிருப்பார்கள், அது அடைத்துப்போயிருந்தால் தண்ணீர் சுவரிலேயே வழியும். இவற்றைச் சரிசெய்துவிட்டு ஒரு மாதமாவது சுவரைக் காயவிடுங்கள். ஈரச் சுவர் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்காதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும், உப்புப் பூக்கும், அடுத்த வருடம் திரும்பவும் சுரண்ட வேண்டிவரும்.

இனி வெள்ளை. நீங்கள் செய்யக்கூடியவற்றில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் இதில்தான். சிவப்புத் தட்டோடும் பழைய சிமெண்ட் தளமும் வெயிலில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும், புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சில வருடம் முன்பு எங்கள் வீட்டு மாடியில் சுண்ணாம்பு அடிக்கும்போது மதியத்துக்குள் பாதிதான் முடிந்தது, காய்ந்த பிறகு இரண்டரை மணிக்கு வெறுங்காலோடு வெள்ளைப் பகுதியில் நின்றுகொண்டு வாளியைக் கழுவினேன், கால் சுடவில்லை. பேசிக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தேன், குதிகால் சிவப்பு ஓட்டில் பட்டதும் துள்ளிவிட்டேன். ஒரே மாடி, ஒரே வெயில், நடுவில் பிரஷ் போன கோடு மட்டும்தான். அன்றைக்கு இரவு கீழே இரண்டு அறைகளின் கூரையையும் தொட்டுப் பார்த்த பிறகு என் மனைவி, மீதிப் பாதியை மறுநாள் காலை ஆறு மணிக்கே அடிக்கச் சொல்லிவிட்டாள்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கோட் அடித்தால் சில ஆயிரங்களில் வேலை முடியும், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழை அதைக் கழுவிவிடும், ஒவ்வொரு மாசியிலும் அடிக்க வேண்டும். நாலைந்து வருடம் தாங்க வேண்டுமென்றால் கடையில் கூல் ரூஃப் பெயிண்ட் என்று கேளுங்கள். டப்பாவில் எஸ்ஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருக்கும், பூச்சு வெயிலை எவ்வளவு நன்றாகத் திருப்பி அனுப்பிச் சூடாகாமல் இருக்கும் என்பதற்கான அளவு அது, 100க்கு மேல் இருந்தால் நல்ல சரக்கு. அந்த எண்ணே போடாமல் "ஹீட் ப்ரூஃப்" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். சாதாரண வெள்ளை எமல்ஷனை மாடியில் அடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அது வெயிலில் சீக்கிரமே உரிந்துபோகும். எதை அடித்தாலும் வருடத்துக்கு ஒருமுறை பங்குனி வாக்கில் துடைப்பமும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள், தூசி படிந்த வெள்ளை மெல்ல மெல்லச் சாம்பலாகிவிடும், பலனும் அதோடு குறைந்துவிடும். தெலங்கானா அரசு 2023இல் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது, அகமதாபாத்தில் அதற்கும் முன்பே குடிசைப் பகுதித் தகரக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலை நடந்தது. நம் ஊரில் இன்னும் இதைப் பெயிண்ட் கடைக்காரர் விற்கும் சாமான் என்றுதான் பார்க்கிறோம், அந்த வருத்தம் எனக்கு உண்டு.

வெள்ளைக்குப் பிறகும் போதவில்லை என்றால் தளத்தின் மேல்பக்கம் காப்புப் பலகை. எக்ஸ்பிஎஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், தெர்மாகோலுக்கு அண்ணன், தண்ணீர் குடிக்காது. 50 மி.மீ. பலகை தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் இரண்டு மீட்டருக்கு மேல் கனம் வேண்டும். அதன் மேல் மெல்லிய காரை போட்டு வெள்ளை ஓடு பதிக்க வேண்டும், செலவு கூடுதல்தான், ஆகவே எப்படியும் தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகத் தளம் போடும் நிலை வந்தால் மட்டும் இதைச் சேர்த்துச் செய்யுங்கள். மண்கலயங்களைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கி மேலே சுண்ணாம்புக் காரை போடும் பழைய முறையும் நல்ல முறைதான், உள்ளே அடைபட்ட காற்றே காப்பு, ஆனால் பழகிய கொத்தனார் வேண்டும்.

மாடித் தோட்டம் போட்டால் குளிருமே என்று பலர் கேட்பார்கள். தொட்டிச் செடிகள் தாராளமாக வையுங்கள். ஆனால் தளம் முழுக்க ஒரு அடி மண் பரப்பும் யோசனை இருந்தால் நிறுத்துங்கள். ஈரமண் ஒரு அடிக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரும், ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குப் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோதான்.

மேற்குப் பக்கம் கொஞ்சம் சிக்கலான விஷயம், இதில்தான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். சாயங்கால வெயில் தாழ்வாக, நேராக வரும். மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடு உச்சி வெயிலுக்குத்தான் உதவும், நாலு மணி வெயிலுக்கு அது பெரிய தடையில்லை. உடனே என்ன தோன்றும்? மேற்கு ஜன்னலை அடைத்துவிடலாம் என்று. அதைச் செய்யாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று கரூர் தாண்டித் திருச்சிக்கு வருவது மேற்கிலிருந்துதான். ஆனி முதல் ஆவணி வரை உங்களுக்குக் கிடைக்கும் காசில்லாத ஏசி அந்த ஜன்னல். வெயிலைத் தடுத்துக் காற்றை விட வேண்டும், அதற்கு ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, சுருட்டி ஏற்றக்கூடிய மூங்கில் தட்டியோ நிழல் வலையோ தொங்கவிடுங்கள். வெளியே என்பதுதான் முக்கியம். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது, திரை சூடாகி அறைக்குள்ளேயே வெப்பத்தை விடும். ஆடியில் காற்று பலமாக அடிக்கும்போது தட்டியைச் சுருட்டிக் கட்டிவிடலாம்.

கீழே இடம் இருந்தால் மேற்குப் பக்கம் ஒரு புங்கங்கன்று வையுங்கள், நிழலுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, நான்கைந்து வருடத்தில் சுவரை மறைக்க ஆரம்பிக்கும். சீக்கிரம் வளரும் என்று சுவரை ஒட்டி முருங்கை வைக்காதீர்கள், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவரெல்லாம் ஏறி அம்மா கட்டிலுக்கே வந்துவிடும், காற்றுக்குக் கிளையும் முறியும். மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் இப்போது என்ன நிறம் என்று நீங்கள் சொல்லவில்லை. எலிவேஷனுக்கு அழகு என்று கருஞ்சாம்பல், காபி நிறம் அடிக்கும் பழக்கம் பரவிவிட்டது, நம் வெயிலுக்கு அது ஆகவே ஆகாது. அடுத்த முறை வெள்ளையோ சந்தன நிறமோ அடியுங்கள்.

ஜன்னலைத் திறந்து மூடும் நேரத்தைப் பற்றி. நம் வீடுகளில் பகலெல்லாம் திறந்து வைத்து, இரவில் கொசுவுக்குப் பயந்து மூடிவிடுகிறோம், செய்ய வேண்டியது தலைகீழ். கோடையில் காலை ஒன்பதரை பத்து மணிக்கு எல்லா ஜன்னலையும் மூடித் தட்டியை இறக்குங்கள், இருட்டிய பிறகு வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறங்கள். கொசுவலைச் சட்டம் போடாமல் இது நடக்காது, எனவே அதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். மாடிப்படி மேலே முடியும் இடத்தில் கதவு இருக்குமே, அதற்கு ஒரு வலைக்கதவு போட்டு இரவில் திறந்து வையுங்கள். சூடான காற்று படிக்கட்டு வழியே மேலே ஏறிப் போய்விடும், ஜன்னல் வழியே குளிர்காற்று உள்ளே இழுக்கும், புகைபோக்கி வேலை செய்யும் விதம்தான். ஒன்று கவனியுங்கள், அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். மாற்றும் காலம் வந்தால் முழுதாகத் திறக்கும் கதவு வைத்த ஜன்னலுக்குப் போங்கள்.

மின்விசிறியை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய விசிறி 70 முதல் 80 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்கிற புதுவகை மோட்டார் வைத்த விசிறி 30 வாட் சுற்றி. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றில் மட்டும் இரண்டு மாத பில்லுக்குச் சுமார் 45 யூனிட் மிச்சம். மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம் என்பதால் நீங்கள் மிச்சம் பிடிப்பது எப்போதும் மேல்படியிலிருக்கும் விலை கூடிய யூனிட்டுகளைத்தான். விசிறி ஆளைக் குளிர்விக்கும், அறையைக் குளிர்விக்காது, ஆளில்லாத அறையில் ஓடவிடுவதில் ஒரு பயனும் இல்லை.

ஏர்கூலர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பங்குனி முதல் ஆனி வரை திருச்சியின் வறண்ட வெயிலுக்கு ஜன்னலோரம் வைத்த கூலர் நன்றாகவே வேலை செய்யும், எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சென்னையிலோ நாகையிலோ இருக்கும் உறவினர் "கூலரெல்லாம் சுத்த வேஸ்ட், உடம்பு பிசுபிசுக்கும்" என்றால் அவர்களுக்கு அது உண்மை, கடல் ஈரம் இருக்கும் ஊரில் தண்ணீர் ஆவியாக இடமில்லை. ஐப்பசியில் உங்கள் ஊரிலும் அப்படித்தான், எடுத்துக் காயவைத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு கோடையை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அம்மாவுக்கு ஏசி வேண்டியிருந்தால் வாங்குங்கள், வயதானவர்களுக்கு அக்னி நட்சத்திர வெயில் ஆபத்தானது, அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆனால் அப்போது 1.5 டன் தேவைப்படாது, 120 சதுர அடி அறைக்கு 1 டன் இன்வெர்ட்டர் ஏசி தாராளம். 26இல் வைத்து விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள், ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. வெளி யூனிட்டை மேற்கு வெயிலில் மாட்ட விடாதீர்கள், மாட்ட வருபவர் தனக்கு வசதியான இடத்தைத்தான் காட்டுவார், நீங்கள்தான் வடக்குச் சுவர் என்று பிடிவாதமாக நிற்க வேண்டும். இப்போது ஏசி இருக்கும் அறையின் கதவடி இடுக்கையும், பழைய வென்டிலேட்டர் ஓட்டையையும் இந்த வாரமே அடையுங்கள், பத்து ரூபாய் ரப்பர் பட்டை விஷயம்.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் அதுவும் கூரைக்கு நிழல் என்பதை மறக்காதீர்கள். 2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். 1 கிலோவாட் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 4 யூனிட் சுமாருக்குத் தரும், 100 சதுர அடி இடம் பிடிக்கும். அம்மா அறைக்கு மேலே வரும்படி, அடியில் ஆள் நின்று வேலை செய்யும் உயரத்துக்குச் சட்டம் போடச் சொல்லுங்கள். தளத்தைத் துளைத்து போல்ட் அடிக்கும் இடத்தில்தான் பிற்பாடு கசிவு வரும், அதனால் கான்கிரீட் கட்டைகள் மேல் சட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

மார்கழியில் வெள்ளைக் கூரையால் வீடு சில்லென்று ஆகிவிடுமோ என்று அம்மா கேட்கலாம். திருச்சியில் அந்தக் கவலையே வேண்டாம், இரவு 20 டிகிரிக்குக் கீழ் இறங்கும் நாட்களே குறைவு, ஜன்னலை மூடிப் படுத்தால் போதும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் நானே வெள்ளை அடிக்காதீர்கள் என்று சொல்லியிருப்பேன்.

மாடியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுங்கள். எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தையும் கைப்பிடிச் சுவர் மூட்டையும் படம் எடுத்துப் போடுங்கள். வாட்டம் எந்தப் பக்கம் தவறியிருக்கிறது, முழுதாகப் பெயர்க்க வேண்டுமா, இடுக்கை மட்டும் அடைத்தால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.